பிடித்த பாட்டுக்குக் குறைந்த மதிப்பெண்: ஒலி விருப்பமும் மூளை அலைகளும் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒலி கேட்கும்போது மூளையில் எழும் மின் அலைகளைப் பதிவு செய்யும் சின்ன ஆய்வுக்கூடம் எங்களுடையது. மொத்தம் மூன்று பேர். பதிவு என் பொறுப்பு, கணக்கீடு சக ஆய்வாளருடையது, ஆய்வு மாணவி ஒருவர் இரண்டு பக்கமும் கைகொடுப்பார். இங்கே எழுதுவது ஒரே ஒரு கேட்பாளரைப் பற்றி. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

அவர் மொழிபெயர்ப்பாளர், முப்பதுகளின் நடுவில் இருப்பவர். நாள் முழுக்கக் காதில் ஹெட்ஃபோனோடு வேலை செய்வார். வேகமான தாளமும் கனமான தோல் வாத்தியமும்தான் தனக்குப் பிடிக்கும் என்று பள்ளிக் காலத்திலிருந்தே சொல்லி வந்தவர். காதில் குறையில்லை, தூக்கத்தில் சிக்கலில்லை, மருந்து எதுவும் எடுப்பதில்லை. இதையெல்லாம் முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொண்டோம்.

எங்களிடம் வருவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பு, நெற்றியில் கட்டிக்கொள்ளும் மூளை அலைப் பட்டை ஒன்றை வாங்கியிருக்கிறார். அதோடு ஒரு கைபேசிச் செயலி வருகிறது. பட்டையைக் கட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டால், முடிவில் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு 'விருப்ப மதிப்பெண்' போடும். மெல்லிய குழல் இசைக்கும் மழைச் சத்தத்துக்கும் 80க்கு மேல் விழுந்தது. அவர் ஆயிரம் தடவை கேட்ட வேகப் பாட்டுகளுக்கு 30, 35.

முதலில் சிரித்துவிட்டு விட்டுவிட்டாராம். ஒவ்வொரு முறையும் அதே மாதிரி வரவும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. மூளையே சொல்கிறது என்றால் நாம் யார் மறுப்பதற்கு? பட்டியலிலிருந்து வேகப் பாட்டுகளை ஒவ்வொன்றாக நீக்கினார். அடுத்த சில வாரங்களில் மதியத்தில் கண் சொக்கியது, வழக்கமாக முடிக்கும் பக்கங்கள் முடியவில்லை. அதைவிட அவரை உறுத்தியது வேறொன்று. "இத்தனை வருஷமா எனக்கு எது பிடிக்கும்னே தெரியாமத்தான் இருந்திருக்கேனா?" என்று எங்களிடம் கேட்டார். கேலியாகத்தான் ஆரம்பித்தார், ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார்.

பட்டை சொல்வது சரியா, அவர் சொல்வது சரியா? எங்கள் முன் வந்த கேள்வி இதுதான்.

தொடங்குமுன் எங்கள் கையில் இருந்தது

மனித மூளையின் மின் அலையை முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர். பதிவு செய்தது 1924இல், வெளியிட்டது 1929இல். கண்ணை மூடினால் நொடிக்கு ஏறத்தாழ 10 முறை ஏறி இறங்கும் அலை தலையின் பின்பக்கத்தில் ஓங்குவதையும், திறந்தால் அது அடங்குவதையும் அப்போதே அவர் கவனித்திருந்தார். ஆல்ஃபா என்கிறோமே, 8 முதல் 13 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை முறை என்ற அளவு) வரை, அது இதுதான். அதற்குக் கீழே 4 முதல் 8 வரை தீட்டா, இன்னும் கீழே டெல்டா. மேலே 13 முதல் 30 வரை பீட்டா, அதையும் தாண்டினால் காமா. எல்லாமே மைக்ரோவோல்ட் அளவில் இருக்கும் மிகச் சிறிய மின்னழுத்தங்கள். ஒரு கண் சிமிட்டல் இவற்றைவிடப் பல மடங்கு பெரியது. பின்னால் வரப்போகும் குழப்பத்துக்கெல்லாம் இந்த ஒரு விஷயமே மூலம்.

தாள வேகத்துக்கும் அலைக்கும் உள்ள உறவு எளிய கணக்கு. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் நொடிக்கு இரண்டு, அதாவது 2 ஹெர்ட்ஸ். அப்படி ஒரு தாளத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவரின் பதிவை அலைவெண்களாகப் பிரித்தால் 2 ஹெர்ட்ஸில் ஒரு முகடு எழும். மூளை தாளத்தைப் பின்தொடர்கிறது என்று நாங்கள் சொல்வது அதைத்தான். சில்வி நோசாரதானும் உடன் பணியாற்றியவர்களும் 2011இல் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். 2.4 ஹெர்ட்ஸில் ஒரே சீராக ஒலிக்கும் தட்டைக் கேட்கவைத்து, அதை மனதுக்குள் இரண்டிரண்டாகவோ மும்மூன்றாகவோ எண்ணச் சொன்னார்கள். இரண்டிரண்டாக எண்ணியபோது 1.2 ஹெர்ட்ஸிலும், மும்மூன்றாக எண்ணியபோது 0.8 ஹெர்ட்ஸிலும் முகடு வந்தது. ஒலியில் இல்லாத அலைவெண் அது, கேட்டவர் மனதில் மட்டும் இருந்தது.

விருப்பம் எங்கே தெரியும் என்பது இவ்வளவு தெளிவான விஷயம் அல்ல. இனிமையான இசையின்போது நெற்றிக்கு மேலே நடுவில் தீட்டா கூடுவதாக 2007இல் ஒரு ஆய்வு வந்தது. மகிழ்ச்சியூட்டும் இசைக்கு முன்மூளையின் இடப்பக்கம் கூடுதலாக இயங்குவதாக 2001இல் ஷ்மிட், டிரெய்னர் இருவரும் எழுதினார்கள். பீட்டா, காமா அலைகளை வைத்து விருப்பத்தைக் கண்டுபிடிக்கும் முயற்சிகளும் உண்டு. மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டுதான் பதிவுக்குப் போனோம். பட்டையைக் கையில் எடுத்து ஐந்து நிமிடம் சோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பெரிய கருவி பக்கத்து அறையில் இருக்கும்போது சின்னக் கருவியை யார் கவனிப்பார்?

முதல் பதிவு

32 மின்முனைகள் உள்ள தொப்பி. ஒவ்வொன்றின் அடியிலும் ஜெல் வைத்து, தோலோடு தொடர்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கவே அரை மணி நேரம் ஆகும். அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஐந்து வேகப் பாட்டுகளை ஒலிக்கவிட்டோம், இடையிடையே பட்டை அதிக மதிப்பெண் கொடுத்த ஐந்து மெதுவான இசைத்துண்டுகள். சாய்வு நாற்காலி, வழக்கமான ஹெட்ஃபோன். "எப்பவும் கேக்கற மாதிரி கேளுங்க" என்று சொன்னோம். இயல்பாக இருக்கட்டும் என்ற எண்ணம்.

முடிவு பிரமாதமாக வந்தது. பிடித்த பாட்டுகளில் பீட்டாவும் காமாவும் எகிறின. தாள அலைவெண்ணில் முகடு கோபுரம் மாதிரி நின்றது. மெதுவான துண்டுகளில் இரண்டும் இல்லை. சக ஆய்வாளர் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, பட்டை தப்பு, அவர் சொன்னதுதான் சரி என்றார். நானும் தலையாட்டினேன். அன்று சாயங்காலமே அவரைக் கூப்பிட்டு நல்ல செய்தி சொல்லியிருப்போம்.

மாணவிதான் தடுத்தார். கணக்குப் போட்ட வரைபடத்தை விட்டுவிட்டு, மூலப் பதிவை வினாடி வினாடியாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுப் பக்கம் இருந்த மின்முனைகளின் கோடு மெல்லிய நூலாகப் போய்க்கொண்டிருந்தது, பாட்டின் பல்லவி வந்ததும் கம்பளி நூலாகத் தடித்தது, சரணத்தில் மறுபடி மெலிந்தது. அடுத்த பல்லவியில் மீண்டும் தடித்தது. "சார், இது மூளை இல்ல. வாய்" என்றார்.

காணொளியை எடுத்துப் பார்த்தோம். பல்லவி வரும் ஒவ்வொரு தடவையும் அவர் உதடு அசைகிறது, சத்தம் இல்லாமல் கூடவே பாடுகிறார். இடையில் ஒரு புன்னகை. தலை தாளத்துக்கு ஆடுகிறது, ஆட ஆடத் தொப்பியின் கம்பிகள் தோளில் உரசுகின்றன. மாணவி தொலைபேசியில், "அக்கா, பதிவு நடக்கும்போது பாடினீங்களா?" என்று கேட்டதற்கு, "சத்தம் வரலையே!" என்று பதில் வந்தது.

தாடைத் தசையும் கன்னத் தசையும் எழுப்பும் மின்சாரம் சுமார் 20 ஹெர்ட்ஸுக்கு மேல் பரந்து கிடக்கும், பீட்டாவையும் காமாவையும் அப்படியே மூடிவிடும். 2007இல் விதம் என்பவரின் குழு, தசைகளைத் தற்காலிகமாகச் செயலிழக்கவைக்கும் மருந்து கொடுத்துத் தன்னார்வலர்களிடம் மூளை அலை பதிவு செய்தது. தலையோட்டின் மேல் 20 ஹெர்ட்ஸுக்கு மேல் நாம் வழக்கமாகப் பார்ப்பதில் பெரும்பகுதி தசையிலிருந்து வருவது என்பது அதில் தெரிந்தது. எங்கள் பீட்டா அந்த வகைதான். தாள முகடும் தப்பவில்லை. தலை நொடிக்கு இரண்டு முறை ஆடினால் கம்பியும் இரண்டு முறை ஆடும், பதிவில் 2 ஹெர்ட்ஸ் முகடு எழும். அதற்கு மூளையே தேவையில்லை.

இரண்டாவது குறை எங்கள் தேர்விலேயே இருந்தது. வேகப் பாட்டுகள் எல்லாம் அவருக்குப் பல வருடம் பழகியவை, மெதுவானவை அவற்றைவிடப் புதியவை. விருப்பம், பழக்கம், வேகம் மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டு, முடிச்சைப் பார்த்து விருப்பம் என்று சொல்லப் பார்த்தோம். வைனெக், வென், ஹென்றி ஆகியோர் 2022இல் வெளியிட்ட ஆய்வை நான் படித்திருந்தேன். மெதுவான இசையையும் பழகிய இசையையும் மூளை அலை நெருக்கமாகப் பின்தொடர்கிறது என்பது அதன் முடிவு. படித்ததும் செய்ததும் சேரவில்லை. அந்தப் பதிவு முழுவதையும் ஒதுக்கிவைத்தோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மறுபடி முதலிலிருந்து. இந்த முறை பாட்டே வேண்டாம் என்று தீர்மானித்தோம். சக ஆய்வாளர் கணினியில் 12 ஒலித்துண்டுகளைச் செய்தார். நிமிடத்துக்கு 60, 90, 120, 150 தட்டு என நான்கு வேகம். ஒவ்வொரு வேகத்திலும் மூன்று ஒலி: மெல்ல எழும் குழல் ஒலி, தோல் வாத்திய ஒலி, பளீரென்று எழும் உலோக ஒலி. சுருதிகள் முன்பின்னாக மாறும், ஆனால் எல்லாத் தட்டுக்கும் ஒரே பலம். கொத்தாகப் பிரித்துக் கேட்க ஒலியில் எந்தக் குறிப்பும் இருக்கக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். அலைவெண்ணை நுணுக்கமாகப் பிரிக்க நீண்ட துண்டு வேண்டும், 40 வினாடி எடுத்துக்கொண்டால்தான் 0.025 ஹெர்ட்ஸ் இடைவெளியில் பார்க்க முடியும். கேட்பவருக்கு இது சலிப்பு என்பது தெரியும். வேறு வழியில்லை.

தாடையைத் தாங்க ஒரு பலகை வைத்தோம், தலையில் சிறிய அசைவுமானி ஒன்றை ஒட்டினோம். அசைவுமானியில் தாள அலைவெண் தெரிந்தால் அந்தப் பகுதியைக் கணக்கில் சேர்க்கமாட்டோம் என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டோம். முடிவைப் பார்த்த பிறகு விதி போட்டால் அது விதியாக இருக்காது. ஹெட்ஃபோனுக்குப் பதிலாக, ஒலியைக் காற்றுக் குழாய் வழியாகக் காதுக்குள் கொண்டுவரும் கருவி. ஒலிபெருக்கி தலையிலிருந்து தள்ளி இருப்பதால் அதன் மின்காந்தக் கலப்பு மின்முனைக்கு எட்டாது. கண்களைத் திறந்து திரையில் உள்ள ஒரு சிலுவைக் குறியைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சேர்த்தோம், மாணவியின் யோசனை. ஒலி எதுவும் இல்லாமல் அவரைப் பத்து வினாடி சிரிக்கச் சொல்லி, பத்து வினாடி வாயசைக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்வது. சிரிப்பு அவர் பதிவில் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டால், பின்னால் எங்கே வந்தாலும் பிடித்துவிடலாம். யாரும் இல்லாத அறையில் சிரிக்கச் சொன்னால் யாருக்குத்தான் இயல்பாக வரும்? முதல் தடவை பல்லைக் காட்டினார், இரண்டாவது தடவை உண்மையாகவே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டையும் வைத்துக்கொண்டோம்.

ஒவ்வொரு துண்டு முடிந்ததும் மூன்று கேள்விகள். எவ்வளவு பிடித்தது? ஏற்கெனவே கேட்டது போல் இருந்ததா? இதை ஓடவிட்டு வேலை செய்வீர்களா? மூன்றாவது கேள்வியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. பிடிப்பது வேறு, உதவுவது வேறு, அவருடைய பிரச்சினையில் இரண்டும் கலந்து கிடக்கிறது என்று நான் வாதாடினேன். சேர்த்தோம்.

இதெல்லாம் தொடங்குவதற்கு முன், தோன்றிய வேகத்தில் மேசையைத் தட்டச் சொன்னோம். யாரும் வேகத்தைச் சொல்லாதபோது மனிதர்கள் தட்டும் இடைவெளி பெரும்பாலும் 600 மில்லி வினாடியை ஒட்டி இருக்கும் என்று பிரெஞ்சு உளவியலாளர் பால் ஃப்ரெஸ் சொல்லியிருக்கிறார். இவர் தட்டியது அதைவிட மெதுவாக, கிட்டத்தட்ட 800 மில்லி வினாடிக்கு ஒன்று. வேகம்தான் உயிர் என்று சொல்பவர் இப்படித் தட்டியது எங்களுக்குப் புதிராக இருந்தது.

இரண்டாம், மூன்றாம் பதிவுகளில் கண்டது

ஒரு வார இடைவெளியில் இரண்டு நாள், துண்டுகளின் வரிசையை மாற்றிப் பதிவு செய்தோம்.

அவர் தாளில் போட்ட மதிப்பீட்டில் குழப்பமே இல்லை. தோல் வாத்தியம், 120உம் 150உம், இவைதான் மேலே. 60 எந்த ஒலியில் வந்தாலும் கீழே. உலோக ஒலி எந்த வேகத்திலும் பிடிக்கவில்லை. "பல் கூசுது" என்று தாளில் எழுதியே வைத்தார்.

அலை வேறு கதை சொன்னது. தாளத்தைப் பின்தொடரும் முகடு 60இலும் 90இலும்தான் உயரமாக இருந்தது, 150இல் குட்டை. அவருக்குப் பிடிக்காத வேகத்தை அவர் மூளை நெருக்கமாகப் பின்தொடர்ந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் எழும் சிற்றலையைத் தனியாகச் சராசரி எடுத்தபோது, ஒலி தொடங்கிச் சுமார் 100 மில்லி வினாடியில் இறங்கி 200இல் ஏறும் அந்த அலை உலோக ஒலிக்குத்தான் மிகப் பெரிதாக வந்தது. காரணம் விருப்பமோ வெறுப்போ அல்ல. சட்டென்று எழும் ஒலிக்கு அந்த அலை பெரிதாகும், மெல்ல எழும் ஒலிக்குச் சிறிதாகும். இந்த முகடுகளை மட்டும் வைத்து ஒரு செயலி செய்தால் அது அவருக்கு மெதுவான உலோக ஒலியைப் பரிந்துரைக்கும்!

பீட்டாவில் எதுவும் மிஞ்சவில்லை. சிரிப்புப் பதிவோடு ஒத்துப்போன பகுதிகளை நீக்கியதும் பிடித்ததற்கும் பிடிக்காததற்கும் வித்தியாசம் காணாமல் போனது. முன்மூளையின் இட வல வித்தியாசம் முதல் நாள் ஒரு திசையில் சாய்ந்தது, அடுத்த வாரம் எதிர்த்திசையில் சாய்ந்தது. அதைப் பற்றிச் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. நெற்றி நடுவில் தீட்டா, பிடித்த துண்டுகளில் இரண்டு நாளும் சற்றே கூடியிருந்தது. கூடியது என்று எழுதலாம், அதை வைத்து ஒரு துண்டை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

எங்களை நிமிர்ந்து உட்காரவைத்தது 150 தட்டுத் தோல் வாத்தியத் துண்டு. எதிர்பார்த்த முகடு 2.5 ஹெர்ட்ஸில் இருந்தது. அதற்கு இடப்பக்கம், 1.25இல் இன்னொரு முகடு. சரியாகப் பாதி. ஒலிக்கோப்பைத் தனியாகப் பிரித்துப் பார்த்தோம், அதில் 1.25 இல்லை. அசைவுமானியைப் பார்த்தோம், அங்கேயும் இல்லை. அவரையே கேட்டோம். "ரெண்டு ரெண்டாத்தானே கேக்க முடியும், அதுல என்ன அதிசயம்?" என்றார். அவர் யாரும் சொல்லாமலே தட்டுகளை ஜோடி சேர்த்திருக்கிறார். 1.25 ஹெர்ட்ஸ் என்றால் 800 மில்லி வினாடிக்கு ஒன்று. மேசையில் தட்டிய அதே இடைவெளி.

அந்தப் பாதி முகடு அதே வேகத்து உலோக ஒலியில் இரண்டு நாளும் வரவில்லை. குழல் ஒலியில் ஒரு நாள் மங்கலாகத் தெரிந்தது. தோல் வாத்தியத்தில் இரண்டு நாளும் இருந்தது, இரண்டாம் நாள் கொஞ்சம் குட்டையாக. அவர் 'வேகம் பிடிக்கும்' என்று சொல்வதன் பொருள், மேலே ஓடும் வேகத்துக்கு அடியில் தனக்கு வசதியான நிதான நடை ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்வது என்று இருக்கலாம். ஒரே ஒருவரின் இரண்டு நாள் பதிவு இது. இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். ஆனாலும் மூன்று பதிவிலும் விருப்பத்துக்கு மிக நெருங்கி வந்த அடையாளம் இதுதான் என்பது என் கருத்து.

பட்டையைச் சோதித்தது

மூன்றாம் பதிவு முடிந்த அன்று, ஜெல்லைக் கழுவ அவர் போயிருந்த நேரத்தில், மேசைமேல் கிடந்த பட்டையை மாணவி எடுத்துத் தன் நெற்றியில் கட்டிக்கொண்டார். செயலியில் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து, ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்தார். மதிப்பெண் 84. கேட்காத பாட்டுக்கு! கண்ணைத் திறந்து அதே மௌனத்தைக் கேட்டபோது 40 சொச்சம். பல்லை லேசாகக் கடித்தபோது 20க்குக் கீழே போனது.

செயலியின் கணக்கு வெளியில் சொல்லப்படுவதில்லை, அது தேவைப்படவும் இல்லை. ஆல்ஃபா கூடினால் மதிப்பெண் ஏறுகிறது, தசை அசைந்தால் இறங்குகிறது. நம் மொழிபெயர்ப்பாளர் குழல் இசையை இரவில் படுத்துக் கண்ணை மூடிக் கேட்டிருக்கிறார். வேகப் பாட்டுகளைப் பகலில் திரையைப் பார்த்துக்கொண்டு, உதட்டை அசைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். பாட்டு எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு கூடவே பாடுவார், கூடவே பாடப் பாட மதிப்பெண் இறங்கும்.

முதல் நாள் முதல் ஐந்து நிமிடத்தில் செய்திருக்க வேண்டிய சோதனை இது.

அவரிடம் சொன்னது

அவர் ஈரத் தலையோடு திரும்பி வந்ததும் மாணவி பட்டையை நீட்டி, "அக்கா, நீங்களே பாருங்க" என்றார். நாங்கள் விளக்கியதைவிட அந்த 84 நிறைய விளக்கியது. இரண்டு மூன்று முறை கண்ணை மூடித் திறந்து எண் ஏறி இறங்குவதைப் பார்த்தார். அப்புறம் கோபம் வந்தது. பட்டைமேல் பாதி, தன்மேல் பாதி.

"அப்போ எனக்கு எது பிடிக்கும்னு மூளை அலை சொல்லவே சொல்லாதா?" என்று கேட்டார். சக ஆய்வாளர் பதில் சொன்னார். நீங்கள் தாளில் போட்ட மதிப்பெண்தான் எங்கள் அளவுகோல், அதை வைத்துத்தான் எந்த அலை விருப்பத்தோடு சேர்ந்து வருகிறது என்று தேடினோம், அளவுகோலைத் தூக்கி எறிந்துவிட்டு அலையை மட்டும் வைத்துக்கொண்டால் எங்களுக்கும் ஒன்றும் தெரியாது என்றார். பட்டை அவரிடம் ஒரு தடவைகூட 'பிடித்ததா' என்று கேட்டதில்லை என்பதை அப்போதுதான் அவர் கவனித்தார்.

1.25 முகட்டின் வரைபடத்தைக் காட்டினேன். அதை அவர் நெடுநேரம் பார்த்தார். அச்செடுத்துத் தரச் சொல்லி வாங்கிப்போனார். இது ஒரு ஆளின் பதிவு, இதை வைத்து எதுவும் தீர்மானிக்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். "தீர்மானிக்கறதுக்கு இல்ல, ஃப்ரேம் போட" என்றார்.

பின்பு நடந்தது

நீக்கிய பாட்டுகளை எல்லாம் திரும்பச் சேர்த்துவிட்டார். எல்லா நேரமும் அதையே கேட்பதில்லை. மூன்றாவது கேள்விக்கு அவர் தந்த பதில்களை அவரிடம் காட்டியிருந்தோம். 120 தோல் வாத்தியத்தை ஓடவிட்டு வேலை செய்வேன் என்றவர், அதைவிட அதிகம் பிடித்த 150க்கு 'மாட்டேன்' என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்து, வேலைக்கு ஒரு பட்டியல், சும்மா கேட்க ஒரு பட்டியல் என்று பிரித்துக்கொண்டார். மெதுவான குழல் இசை இரவுக்குத் தங்கிவிட்டது, அது பிடித்தும்போயிருக்கிறது. இரண்டு மாதம் கேட்டதில் வந்த பழக்கமாக இருக்கலாம். திரும்பத் திரும்பச் சந்திப்பதே ஒன்றைப் பிடிக்கவைக்கும் என்று 1968இலேயே ராபர்ட் சயான்ஸ் காட்டியிருக்கிறார். எங்கள் சலிப்பூட்டும் துண்டுகளுக்குக்கூட இரண்டாம் நாள் அவர் சற்றுக் கூடுதல் மதிப்பெண்தான் போட்டார்.

மதியத் தூக்கம் போய்விட்டதாகச் சொன்னார். அதை நாங்கள் அளக்கவில்லை, எங்கள் கணக்கில் சேர்க்கவும் இல்லை. பட்டை இப்போது அவர் அக்கா மகனிடம் இருக்கிறதாம். கண்ணை மூடி யார் அதிக மதிப்பெண் எடுக்கிறார்கள் என்று பிள்ளைகள் போட்டி போடுகிறார்கள்.

என்ன மாற்றினோம், இன்னும் என்ன மாற்ற வேண்டும்

வேறொரு கருவியின் முடிவோடு யாராவது வந்தால், முதலில் அந்தக் கருவியை மௌனத்தில் ஓட்டிப் பார்க்கிறோம். கண் திறந்து, கண் மூடி, பல்லைக் கடித்து. அதற்கு அப்புறம்தான் தொப்பி.

கணக்கிட்ட வரைபடத்தைப் பார்க்குமுன் மூலப் பதிவை ஒருவராவது முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது இப்போது கட்டாயம். மாணவி அன்று அதைச் செய்தது எங்கள் நடைமுறையால் அல்ல, அவருடைய பிடிவாதத்தால்.

தாடைப் பலகையில் எனக்கு இன்னும் திருப்தியில்லை. பிடித்த தாளத்துக்கு ஆடாமல் இருக்கச் சொல்வது, பிடிப்பதில் பாதியைப் பிடுங்கிவிட்டு மீதியை அளப்பது போல இருக்கிறது. அவரும் அதைச் சொன்னார், கட்டிப்போட்டுப் பாட்டுக் கேட்ட மாதிரி இருந்ததாம். அடுத்த முறை தலையை ஆடவிட்டு, அசைவுமானியின் பதிவைக் கணக்கில் கழித்துப் பார்க்கலாமா என்று சக ஆய்வாளர் முயன்றுகொண்டிருக்கிறார். கழிக்கும்போது மூளை அலையும் சேர்ந்து போய்விடுகிறது என்பதில் இப்போதைக்கு நிற்கிறது.

பாதி முகட்டை இன்னும் சிலரிடம் பார்க்க வேண்டும். தானாக ஜோடி சேர்ப்பவர்கள், சேர்க்காதவர்கள், மும்மூன்றாகச் சேர்ப்பவர்கள் என்று ஆட்கள் வேண்டும். அவர்களிடம் மேசை தட்டும் சோதனையைத் தொடக்கத்தில் மட்டுமில்லாமல் முடிவிலும் வைக்கப்போகிறோம். நாள் முழுக்கத் தட்டுகளைக் கேட்ட பிறகு அந்த இடைவெளி நகர்கிறதா என்று இவரிடம் பார்க்கத் தவறிவிட்டோம்.

பதிவுத் தாளின் முதல் வரியும் மாறிவிட்டது. முன்பு அங்கே 'நிலையாக அமரவும்' என்று இருந்தது. இப்போது 'ஒலி இல்லாமல் சிரிக்கவும், 10 வினாடி, இரண்டு முறை' என்று இருக்கிறது.